அரத்தைக் கொஞ்சம் கீழே வை

கோயம்புத்தூர்

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. பேத்தி பள்ளிக்கூடம் போகத் தொடங்கியதில் மகிழ்ச்சி. ஆனால், தார்ப்பாய்க்குள் கிடந்த ராஜ்தூத் 350 மோட்டார் சைக்கிளைத் தூசு தட்டி, இங்கே செட்டிபாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வே பந்தயத்தடத்தில் ஓட்டப்போவதாக நீ எழுதியிருந்த வரியைத்தான் இரண்டு முறை படித்தேன். பந்தயம் பார்க்கச் சோழவரத்து ஓடுதள வேலியோரம் வெயிலில் நின்ற இரண்டு பையன்களுக்கு அறுபது வயதாகியும் புத்தி மாறவில்லை.

எக்ஸாஸ்ட் போர்ட்டை, அதாவது சிலிண்டரில் புகை வெளியேறும் துளையை, அரத்தால் ராவி 2 மி.மீ. உயர்த்தலாமா என்று கேட்டிருக்கிறாய். இப்போதைக்கு வேண்டாம். போர்ட்டை உயர்த்தினால் இழுவை, எஞ்சின் வேகமாகச் சுழலும் மேல்சுற்றுக்குப் போய்விடும். அதற்கேற்ற சைலன்சரும் அமையாவிட்டால் கீழேயும் இல்லை, மேலேயும் இல்லை என்றாகிவிடும். அறுத்த போர்ட்டை மறுபடி வளர்க்க முடியாது. நல்ல சிலிண்டர் பிளாக் கிடைப்பதும் இன்று லேசில்லை. உன்னுடையது ஹை டார்க் (திறன் கூடிய வகை) வண்டி, அதற்குரிய 30.5 குதிரைத்திறன் முழுதாக வருகிறதா என்று முதலில் பார்.

நான் பட்டதைச் சொல்கிறேன். சென்ற ஆண்டு என் வண்டியில் ஆக்ஸிலேட்டரை மூடிய பிறகும் எஞ்சின் சுற்று உடனே இறங்காமல் தொங்கியது. கார்புரேட்டரின் குறை என்று நினைத்துத் திருகைத் திருப்பிக்கொண்டிருந்தேன். ஐந்தாவது கியரில் முழு வேகத்தில் போகும்போது இடது பிஸ்டன் சீஸ் ஆகி (சூட்டில் இறுகிச் சிக்கி), பின்சக்கரம் கிறீச்சிட்டு நின்றது. கை தானாகக் கிளட்சைப் பிடித்ததால் தப்பினேன். பிளாக்கைக் கழற்றினால், சிலிண்டரின் உட்சுவரில் பிஸ்டனின் அலுமினியம் ஈயம் பூசினாற்போல் அப்பியிருந்தது. கிராங்கின் இடது ஆயில் சீல் காய்ந்து, அதன் வழியே காற்று புகுந்து, பெட்ரோல் கலவையை மெலியவைத்திருக்கிறது. வலது சீல் போனால் கியர் ஆயிலை உறிஞ்சிப் புகை கக்கிக் காட்டிக்கொடுத்துவிடும். இடது சீல் காற்றை மட்டும் உறிஞ்சுவதால் வெளியே ஒன்றும் தெரியாது.

ஆகவே, இன்டேக்கையும் எக்ஸாஸ்டையும் ரப்பரால் அடைத்துவிட்டு, இரத்த அழுத்தம் பார்க்கும் கருவியின் பந்தால் முள் 300-ஐத் தொடும்வரை காற்றேற்று. ஆறு நிமிடம் முள் அசையாவிட்டால் நல்லது. இறங்கினால் சோப்பு நுரை தடவிக் கசிவைத் தேடு. (அந்தக் கருவியை வாங்கச் சொன்ன மருத்துவருக்கு இந்த உபயோகம் தெரியாது.)

அடுத்தது டைமிங், அதாவது பிளக்கில் தீப்பொறி எழும் நேரம். தீப்பொறியைத் தூண்டும் பாயிண்ட் இரண்டும் தனித்தனி என்பதால், பிளக் துளையில் டயல் கேஜை (நகர்வை அளக்கும் முள் கருவியை) வைத்து, பிஸ்டன் உச்சிக்கு 2 மி.மீ. முன்பு பாயிண்ட் திறக்கும்படி ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனியாகச் சரிசெய். பாயிண்டின் இடையில் செருகிய சிகரெட் தாள் வழுக்கி வரும் இடமே திறக்கும் இடம்.

கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்துவிடும் மெயின் ஜெட்டைப் பெரியதிலிருந்து ஒவ்வொரு எண்ணாக இறக்கு. முழு ஆக்ஸிலேட்டரில் ஓடும்போதே கிளட்சைப் பிடித்து, சாவியை அணைத்து, பிளக்கைக் கழற்றிப் பார். காப்பித்தூள் நிறம் வந்தால் அங்கேயே நிறுத்து, வெளுத்தால் பெரிய ஜெட்டுக்கு ஏறிக்கொள். மதிய வெயிலில் சரியாக இருந்த ஜெட்டிலேயே, விடியற்காலையின் அடர்ந்த குளிர்காற்றில் கலவை மெலிந்துவிடும் என்பதையும் மறக்காதே.

வரும்போது, இப்போது வண்டியில் இருக்கும் பிளக் இரண்டையும் துடைக்காமல் காகிதத்தில் பொதிந்து, எது இடது, எது வலது என்று எழுதிக் கொண்டு வா.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்