துளைகளால் எழுதியவர்

அன்பு மகளுக்கு,

இங்கு நாங்கள் நலம். உன் நலமறிய ஆவல். நீ அனுப்பிய கான்லன் நான்காரோவின் பியானோ இசையை மூன்று இரவுகள் கேட்டேன். "தலை வலிக்கிறது" என்று உன் அம்மா எழுந்து போய்விட்டாள். நெசவின் வடிவத்தைத் துளைகளால் தறிக்குச் சொல்லும் ஜக்கார்டு அட்டையை நாற்பது ஆண்டுகள் பட்டுத்தறிக்குக் குத்திய எனக்கோ, அந்த மனிதரைப் பற்றிப் படிக்காமல் இருக்க முடியவில்லை.

1912-இல் அமெரிக்காவின் டெக்சர்கானா நகரில் பிறந்தவர். மகன் பொறியாளராக வேண்டும் என்று தந்தை விரும்பினார். மகனோ அந்தப் படிப்பில் நிலைக்காமல் டிரம்பெட், ஜாஸ் என்று போய்விட்டார். (இந்த இடத்தில் நீ சிரிப்பாய் என்று தெரியும்.) 1937-இல், உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்த ஸ்பெயினுக்குச் சென்று, பின்னாளில் அந்நாட்டின் சர்வாதிகாரியான பிராங்கோவின் படைகளை எதிர்த்துப் போரிட்டார். திரும்பி வந்தவருக்கு, அதையே காரணம் காட்டி அமெரிக்க அரசு கடவுச்சீட்டு மறுத்ததால், 1940-இல் மெக்சிகோ நகருக்குக் குடிபெயர்ந்து, பின்னர் அந்நாட்டுக் குடிமகனாகவே ஆகிவிட்டார்.

அவர் எழுதிய தாளங்களை வாசிக்க ஆள் கிடைக்கவில்லை. வாசிக்க முயன்றவர்களும் பாதியில் வழிதவறினார்கள். ஹென்றி கவல் என்ற இசையமைப்பாளர், கைக்கு எட்டாத தாளங்களை, தானே வாசிக்கும் 'பிளேயர் பியானோ'வின் காகிதச் சுருளில் வெட்டிவிடலாம் என்று 1930-இல் வெளியான தம் நூலில் எழுதியிருந்தார். சுருளில் துளை வரும் இடத்தில் காற்று புகுந்து, அதற்குரிய சுத்தியலை இயக்கும், வாசிப்பவர் தேவையில்லை. 1947-இல் கைக்கு வந்த பரம்பரைப் பணத்தோடு நியூயார்க் சென்று அத்தகைய பியானோ ஒன்றை வாங்கி, துளையிடும் கருவியையும் செய்வித்துக்கொண்டார். அதன்பின் பல பத்தாண்டுகள் ஒவ்வொரு துளையாகக் கையால் குத்தி, 'ஸ்டடி' என்று பெயரிட்ட சுமார் ஐம்பது இசைப்படைப்புகளை உருவாக்கினார். சில நிமிட இசைக்கு மாதக்கணக்கான உழைப்பு. இயந்திரம் வாசிப்பதால் உயிரில்லை என்பவர்களை என்னால் ஒப்புக்கொள்ள முடியாது. அட்டையில் ஒரு துளை பிசகினால் சேலையின் கரை முழுவதும் அந்தப் பிசகு திரும்பத் திரும்ப வரும் என்று அறிந்தவன் நான். குத்தும் கையில்தான் உயிர் இருக்கிறது.

21-ஆம் ஸ்டடியை மறுபடி கேள். கீழ்க்குரல் மெதுவாகத் தொடங்கி ஓயாமல் வேகமெடுக்கிறது. மேற்குரல் படபடவென்று தொடங்கித் தளர்ந்துகொண்டே வருகிறது. நடுவில் ஒரு கணம் இரண்டும் ஒரே வேகத்தைத் தொட்டுவிட்டு எதிர்த்திசைகளில் பிரிந்துவிடுகின்றன. அந்தக் கணத்தைப் பிடிக்க எனக்கு ஆறு முறை கேட்க வேண்டியிருந்தது.

வெகுகாலம் அவரைச் சிலரே அறிந்திருந்தார்கள். புகழ்பெற்ற இசையமைப்பாளர் லிகெட்டி வியந்து பாராட்டியதும், 1982-இல் படைப்பாளிகளுக்கு அமெரிக்காவில் வழங்கப்படும் மெக்ஆர்தர் நிதி கிடைத்ததும் அவருக்கு எழுபது வயதை ஒட்டித்தான். 1997-இல் மெக்சிகோ நகரிலேயே மறைந்தார்.

அவருடைய சுருள்கள் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில், பால் சாக்கர் அறக்கட்டளையில் இருக்கின்றனவாம். உன் ஊரிலிருந்து ரயிலில் போகும் தூரம்தானே? அனுமதி கிடைத்தால் ஒரு சுருளை அருகில் நின்று படமெடுத்து அனுப்பு. துளைகளின் ஓரம் எவ்வளவு சுத்தமாக இருக்கிறது என்று நான் பார்க்க வேண்டும்.

அன்புடன்,
அப்பா