ஓடினால்தான் காசு: அமெரிக்கக் கிராமத்து ஆம்புலன்ஸ்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

அமெரிக்க அவசர ஊர்திச் சேவை குறித்துச் சென்ற இதழில் வந்த கட்டுரை, நம் 108 சேவையையும் அந்த முறைக்கு மாற்றலாம் என்றது. அதைப் படித்தால், அந்நாட்டு அவசர உதவி எண்ணான 911 அழுத்திய எட்டு நிமிடத்தில் பாராமெடிக் (உயர்நிலைப் பயிற்சி பெற்ற ஆம்புலன்ஸ் மருத்துவ ஊழியர்) வாசலில் நிற்பார் என்றே தோன்றும். பெருநகரங்களுக்கு அது ஓரளவு பொருந்தும். அந்நாட்டில் நம் மாவட்டம் போன்ற கவுண்டிகள் மூவாயிரத்துக்கும் மேல் இருக்கின்றன. அவற்றில் கிராமப்புறக் கவுண்டிகளின் நிலைமை வேறு. அங்கே வண்டி வருமா வராதா என்பதை மருத்துவத்தைவிட வரவு செலவுக் கணக்குதான் முடிவு செய்கிறது.

1960களில் அந்த ஊர்களில் ஆம்புலன்ஸ் என்றால் பெரும்பாலும் ஈமச்சடங்கு நடத்துபவரின் சவ ஊர்திதான். ஆளைப் படுக்க வைத்துக் கொண்டுபோகும் நீளமான வண்டி அவரிடம்தான் இருந்தது. பிழைத்தால் ஆஸ்பத்திரிக்கு, இல்லையென்றால் அதே வண்டியில் கடைசிப் பயணம். நாட்டின் ஆம்புலன்ஸ் சேவையில் ஏறத்தாழப் பாதியை 12,000 ஈமச்சடங்கு நிறுவனத்தார் நடத்துவதாக தேசிய அறிவியல் கழகத்தின் 1966 அறிக்கை சொன்னது. அதே ஆண்டு நெடுஞ்சாலைப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. பிறகு அவசர மருத்துவ உதவியாளருக்கு 81 மணி நேரப் பாடத்திட்டம், வண்டிக்கும் கருவிகளுக்கும் விதிகள், ஊழியருக்குக் குறைந்தபட்சக் கூலி எனச் செலவு ஏற, ஈமச்சடங்கு நிறுவனத்தார் ஒவ்வொருவராக விலகிக்கொண்டார்கள். அந்த இடத்தை நிரப்பியது பெரும்பாலும் தொண்டர் குழுக்கள். வட கரோலினாவின் ஹேவுட் கவுண்டியில் 1969-லேயே தொண்டர் மீட்புக் குழுவினர் இதய நோயாளிகளைக் கவனிக்கும் உயர்நிலைப் பயிற்சியில் இறங்கிவிட்டார்கள். 1973-ல் கூட்டரசு தனிச் சட்டம் போட்டு வட்டார அமைப்புகளுக்குப் பணம் கொடுத்தது. 1981-ல் அந்த நிதியை மாநிலங்களுக்கான பொது மானியத்தில் கரைத்துவிட்டார்கள். இன்றைய சிக்கலின் வேர் அங்கேதான் என்பது என் கருத்து.

கணக்கைப் பாருங்கள். ஒரு வண்டி ஆண்டு முழுக்க இரவு பகலாகத் தயாராக நிற்க வேண்டுமானால் 8,760 மணி நேரம். வண்டிக்கு இருவர் என்றால் 17,520 ஆள்மணி. விடுப்பும் பயிற்சியும் போக ஒருவர் ஆண்டுக்கு 1,800 மணி நேரம் வேலை செய்வதாக வைத்தால், ஒரே வண்டிக்குப் பத்துப் பேர் வேண்டும். சம்பளமும் சலுகைகளும் ஆளுக்கு 60,000 டாலர் என்று கொண்டாலும் ஆண்டுக்கு 6 லட்சம் டாலர். டீசல், மருந்து, இதயத்துக்கு மின் அதிர்ச்சி கொடுக்கும் டிஃபிபிரிலேட்டர் எல்லாம் தனி. நாளுக்கு ஓர் அழைப்பு வரும் கவுண்டியில், சம்பளம் மட்டுமே ஓர் ஓட்டத்துக்கு 1,600 டாலரைத் தாண்டுகிறது. நகரத்தில் அதே வண்டி நாளுக்குப் பத்து முறை ஓடும். செலவும் பத்தாகப் பிரியும்.

வரவு? 65 வயது கடந்தோருக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேர்தான் கிராமத்தில் முக்கியமான வரவு. அடிப்படை உயிர்காப்பு வகை அவசர ஓட்டத்துக்கு அது நிர்ணயித்த தொகை சுமார் 400 முதல் 500 டாலர். மைல் கட்டணம் தனி. கிராமப் பகுதியில் முதல் 17 மைலுக்கு ஒன்றரை மடங்கு. மக்கள் நெருக்கம் மிகக் குறைந்த பகுதிகளுக்கு அடிப்படைத் தொகையில் 22.6 சதவீதம் கூடுதல். 2004-ல் 'தற்காலிகமாக' வந்த இந்தச் சலுகையைத் திரும்பத் திரும்ப நீட்டித்து வருகிறார்கள். ஆனால் நோயாளியை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனால்தான் இந்தப் பணம். ரத்தச் சர்க்கரை இறங்கி மயங்கிக் கிடப்பவருக்கு டெக்ஸ்ட்ரோஸ் என்ற சர்க்கரைக் கரைசல் ஏற்றுகிறார்கள். அவர் எழுந்து உட்கார்ந்து, ஆஸ்பத்திரிக்கு வரவில்லை என்று கையெழுத்துப் போட்டுவிட்டால் மெடிகேர் சல்லிக்காசு தராது. மருந்தும் போச்சு, ஒன்றரை மணி நேரமும் போச்சு.

நோயாளியை ஓர் ஆஸ்பத்திரியிலிருந்து பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் இடமாற்ற ஓட்டங்கள் இன்னொரு தலைவலி. உள்ளூரில் இருப்பது 25 படுக்கைக்கு மேல் வைக்க அனுமதியில்லாத சிறு மருத்துவமனை. மாரடைப்புக்கு ஸ்டென்ட் வைக்கவோ தலைக்காயத்துக்கு அறுவை செய்யவோ 100 மைல் தள்ளிப் போக வேண்டும். போய், ஒப்படைத்து, வண்டியைத் துடைத்து, ஆக்சிஜன் மாற்றித் திரும்ப நாலு ஐந்து மணி நேரம் ஆகிவிடும். அதுவரை கவுண்டியில் வண்டி கிடையாது. பக்கத்துக் கவுண்டியின் தயவுதான். ஆம்புலன்ஸ் நடத்தியே ஆக வேண்டும் என்று கூட்டரசுச் சட்டம் எந்தக் கவுண்டியையும் கட்டாயப்படுத்துவதில்லை. சொத்து வரியோடு ஆம்புலன்ஸ் வரியும் கட்டச் சம்மதித்து மக்கள் வாக்களித்த இடங்களில்தான் சேவை ஓரளவு நிலைத்திருக்கிறது.

ஆள் பற்றாக்குறைக்குக் கண்ட வழிகளில் உருப்படியானது ஒன்று உண்டு. பாராமெடிக்கை ஆம்புலன்ஸில் உட்கார வைக்காமல், மருந்தும் மானிட்டரும் ஏற்றிய ஜீப் போன்ற வண்டியில் தனியாக அனுப்புவது. தொண்டர்கள் நோயாளியை ஏற்றிக்கொண்டு புறப்பட, அவர் நடுவழியில் எதிர்கொண்டு ஏறிக்கொள்வார். நோயாளிக்கு அந்த அளவு சிகிச்சை தேவையில்லை என்றால் அவர் அடுத்த அழைப்புக்குப் போய்விடலாம். இதற்கும் மெடிகேர் பணம் தர ஒரு விதி இருக்கிறது. ஆனால் நிபந்தனைகளை எழுதிய விதத்தில் நெடுங்காலம் நியூயார்க் மாநிலம் ஒன்றுதான் அதற்குள் அடங்கியது!

ஆகவே 108 சேவையை அமெரிக்க முறைக்கு மாற்றலாம் என்ற கட்டுரையின் யோசனையை ஏற்க முடியவில்லை. நோயாளியிடம் ஒரு பைசா வாங்காமல், காத்திருக்கும் நேரத்துக்கும் சேர்த்து அரசே செலவை ஏற்கும் 108 ஏற்பாடுதான் அந்தக் கவுண்டிகள் ஏங்குவது.

அங்கிருந்து வாங்கிக்கொள்ள வேண்டுமானால் வீட்டு எண் முறையை வாங்கலாம். முன்பு 'தபால் வழி 2, பெட்டி 40' என்றுதான் முகவரி. அதை வைத்துக்கொண்டு ராத்திரியில் வீட்டைத் தேட முடியாது. 911-க்காகப் பல கவுண்டிகள் தூரத்தை வைத்து எண் கொடுத்தன. மைலுக்கு 1,000 எண், அதாவது 5.28 அடிக்கு ஒன்று. ஒற்றைப்படை ஒரு பக்கம், இரட்டைப்படை மறுபக்கம். 2450 என்றால் சாலை தொடங்கும் இடத்திலிருந்து 2.45 மைல்; ஓட்டுநர் மீட்டரைப் பார்த்தே போய்விடலாம். நடுவில் புது வீடு முளைத்தாலும் எண் தயாராக இருக்கும். பலகையை வீட்டுச் சுவரில் அடித்தால் பயனில்லை. வண்டித்தடம் சாலையில் சேரும் இடத்தில், இருபுறமும் தெரியும்படி, ஒளி பிரதிபலிக்கும் எழுத்தில் நட வேண்டும். ஒரே தடத்தில் நாலு வீடு இருந்தால் உள்ளே பிரியும் இடத்திலும் ஒன்று.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்