துக்கத்தோடே போனவன்

அன்புள்ள நண்பனுக்கு,

கர்த்தருடைய கிருபையும் சமாதானமும் உன்னோடும் உன் வீட்டாரோடும் இருப்பதாக.

உன் நீண்ட கடிதம் வந்து சேர்ந்தது. இங்கே எல்லாரும் நலம். கண் அறுவை சிகிச்சைக்குப் பிறகு எனக்குப் பார்வை நன்றாகத் தெளிந்துவிட்டது. வேதாகமத்தின் பொடி எழுத்தைக்கூட வாசிக்க முடிகிறது. மகளுக்கு வேலை உறுதியாகிவிட்டது. அவளுக்காக நீங்கள் இருவரும் ஜெபித்ததை நாங்கள் மறக்கவில்லை.

அண்ணனின் கடைசி நாட்களைப் பற்றி நீ எழுதியிருந்த பக்கங்களை மறுபடியும் மறுபடியும் வாசித்தேன். பிள்ளை இல்லாத மனிதர். உடன்பிறந்தவன் நீ ஒருவன்தான். தம்முடைய ஆஸ்தி முழுவதையும் உன் பெயருக்கு எழுதிவைத்துவிட்டுப் போயிருக்கிறார். மாதச் சம்பளத்திலேயே காலம் தள்ளி ஓய்வு பெற்ற உனக்கு, எதிர்பாராமல் இவ்வளவு பெரிய செல்வம். “இது எனக்கு ஆசீர்வாதமா, கண்ணியா?” என்று கேட்டிருக்கிறாய். சபையில் ஒருவர், “கர்த்தர் உன் விசுவாசத்துக்குப் பலன் கொடுத்துவிட்டார்” என்று சொல்லி உன் கையைப் பிடித்தபோது மனம் உறுத்தியதாகவும் எழுதியிருக்கிறாய். அந்த உறுத்தல் நல்லது. அதை யாரும் தட்டிக்கொடுத்துத் தூங்கவைத்துவிட நீ இடம் கொடுக்காதே.

பணம் பெருகுவதை விசுவாசத்தின் அத்தாட்சியாகப் பிரசங்கிக்கிறவர்களைக் கேட்டால் எனக்குக் கோபம் வருகிறது. அவர்கள் ஆபிரகாமைக் காட்டுவார்கள், யோபுவைக் காட்டுவார்கள். கீழ்ப்படிந்தால் களஞ்சியம் நிறையும் என்ற உபாகமத்தின் வாக்குறுதிகளைக் காட்டுவார்கள். சீஷர்களும் அந்த வேதத்தைக் கேட்டு வளர்ந்தவர்கள்தான். அதனால்தான் ஐசுவரியவான் தேவனுடைய ராஜ்யத்தில் பிரவேசிப்பதைவிட ஒட்டகம் ஊசியின் காதில் நுழைவது எளிது என்று இயேசு சொன்னதும் அவர்கள் மிகவும் ஆச்சரியப்பட்டு, “அப்படியானால் யார் ரட்சிக்கப்படக்கூடும்?” என்று கேட்டார்கள். ஆசீர்வாதம் பெற்றவன் என்று ஊரே எண்ணியவனுக்கே வாசல் இவ்வளவு கடினம் என்றால் மற்றவர்கள் கதி என்ன என்பது அவர்களுடைய திகைப்பு. இன்று சிலர் நற்செய்தி என்று விற்பது, இயேசு அன்றைக்கே சீஷர்களிடமிருந்து பிடுங்கி எறிந்த எண்ணத்தைத்தான்.

ஒட்டகமும் ஊசியின் காதும் என்ற அந்த வசனத்தை எப்படியெல்லாம் மென்மையாக்கப் பார்க்கிறார்கள்! எருசலேமில் ‘ஊசிவாசல்’ என்று ஒரு சின்ன வாசல் இருந்ததாம், ஒட்டகம் சுமையை இறக்கிவிட்டு முழங்காலிட்டால் அதற்குள் நுழைந்துவிடலாமாம். நீயும் நானும் வாலிபப் பருவத்தில் கேட்ட பிரசங்கம்தான் இது. அப்படி ஒரு வாசல் இயேசுவின் காலத்தில் இருந்ததற்கு எந்தச் சான்றும் கிடையாது. பல நூற்றாண்டுகள் கழித்துக் கிளம்பிய விளக்கம் அது. யூத ரபிகளின் தல்மூதிலும் நடக்கவே முடியாத ஒன்றுக்கு, ஊசியின் காதில் யானை நுழைவதைத்தான் சொல்லியிருக்கிறார்கள். இயேசு முடியாது என்ற பொருளில்தான் சொன்னார். “மனுஷரால் இது கூடாததுதான், தேவனால் இது கூடாததல்ல” என்று அவரே அடுத்துச் சொல்கிறார். வாசலைச் சற்று அகலமாக்கினால் இந்த இரண்டாவது வாக்கியத்துக்கே வேலை இல்லாமல் போகிறது.

நீ மாற்கு பத்தாம் அதிகாரத்தை ஒரே மூச்சில் வாசித்துப் பார். நாம் எப்போதும் அதைத் துண்டுதுண்டாக்கித் தியானிக்கிறோம். அந்த ஐசுவரியவான் இயேசுவிடம் ஓடிவந்து முழங்காலிடுவதற்குச் சற்று முன்புதான் இயேசு குழந்தைகளை அணைத்துக்கொண்டு, சிறு பிள்ளையைப்போல் தேவனுடைய ராஜ்யத்தை ஏற்றுக்கொள்ளாதவன் அதில் பிரவேசிக்கமாட்டான் என்று சொல்லியிருக்கிறார். பிள்ளையிடம் கொடுக்க எதுவும் இல்லை. கொடுப்பதை வாங்கிக்கொள்ள மட்டும் தெரியும். அடுத்து வருகிறவனோ, நித்திய ஜீவனைச் சுதந்தரித்துக்கொள்ள நான் என்ன செய்யவேண்டும் என்று கேட்கிறான். கற்பனைகளைச் சிறுவயது முதல் கைக்கொண்டவன். அவன் பொய் சொல்லவில்லை. இயேசு அவனைப் பார்த்து அவனிடத்தில் அன்புகூர்ந்தார் என்று மாற்கு எழுதுகிறார். அன்புகூர்ந்துதான், உனக்கு உண்டானவைகளையெல்லாம் விற்றுத் தரித்திரருக்குக் கொடு என்றார். அவன் “மனமடிந்து, துக்கத்தோடே போய்விட்டான்”. அவன் இயேசுவை வெறுத்துவிட்டுப் போகவில்லை என்பதை நீ கவனிக்கவேண்டும். அவருடைய சொல் பொய் என்று தோன்றியிருந்தால் துக்கம் எதற்கு?

அதே அதிகாரத்தின் கடைசியில் எரிகோவின் வழியோரத்தில் பர்திமேயு என்ற குருடன் உட்கார்ந்து பிச்சை கேட்டுக்கொண்டிருக்கிறான். இயேசு அழைக்கிறார் என்றதும், மேல் வஸ்திரத்தை எறிந்துவிட்டு எழுந்து வருகிறான். ஒரு பிச்சைக்காரனுக்கு மேல்வஸ்திரத்தைவிட வேறென்ன சொத்து இருந்திருக்கும்? பார்வை பெற்று வழியிலே அவருக்குப் பின்சென்றான் என்று அதிகாரம் முடிகிறது. ஐசுவரியவானிடம் என்னைப் பின்பற்றிவா என்று சொல்லியும் அவன் வரவில்லை. இவனை நீ போகலாம் என்று அனுப்பியும் பின்னாலேயே போகிறான். இந்தக் குழந்தைகளுக்கும் குருடனுக்கும் நடுவில் வைத்துப் பார்க்கும்போதுதான் செல்வம் எந்த விதத்தில் தடையாகிறது என்பது எனக்குப் புரிகிறது. அது மனிதனைக் கேட்கத் தேவையில்லாதவனாக ஆக்கிவிடுகிறது. ரட்சிப்போ கேட்டு வாங்குகிறவனுக்குத்தான்.

ஏழையாக இருப்பதே புண்ணியம் என்றும் நான் சொல்லவில்லை. இயேசு சொன்ன உவமையில், ஓர் ஐசுவரியவானின் வாசலில் கிடந்த ஏழை லாசரு இறந்தபின் கொண்டுபோய் விடப்பட்டது ஆபிரகாமின் மடியில். ஆபிரகாமோ பெரும் செல்வர். இதைப் பரிசுத்த அகுஸ்தீன் தம் பிரசங்கங்களில் எடுத்துக்காட்டியிருக்கிறார். ஆனால் அந்த உவமையின் ஐசுவரியவானைப் பார். அவன் திருடினான் என்றோ ஏமாற்றினான் என்றோ லூக்கா ஒரு வார்த்தை சொல்லவில்லை. பாதாளத்தில் வேதனைப்படும்போது அவன், “லாசருவை அனுப்பவேண்டும்” என்று கேட்கிறான். அப்படியானால் வாசலில் கிடந்தவனின் பெயர் அவனுக்கு முன்பே தெரிந்திருக்கிறது! அங்கே போன பிறகும் லாசருவைத் தனக்குத் தண்ணீர் கொண்டுவரும் வேலையாளாகவே பார்க்கிறான். வாசிக்கும்போதெல்லாம் என்னை நடுங்கவைக்கும் இடம் இது.

ஆரம்பத் திருச்சபையின் போதகரான அலெக்சாந்திரியாவின் கிளெமெந்து, சுமார் 200ஆம் ஆண்டளவில், உன் கேள்வியையே தலைப்பாக வைத்து ஒரு நூல் எழுதினார்: எந்த ஐசுவரியவான் ரட்சிக்கப்படுவான் என்று. பொருளை எறிவதைவிட, பொருள் மேலுள்ள பற்றை எறிவதே முக்கியம் என்பது அவர் வாதம். எல்லாரும் எல்லாவற்றையும் துறந்துவிட்டால் பசித்தவனுக்குக் கொடுக்க யாரிடம் என்ன மிஞ்சும் என்றும் கேட்கிறார். நியாயமான கேள்விதான். வரி வசூலித்து ஐசுவரியவானான சகேயு தன் ஆஸ்தியில் பாதியை ஏழைகளுக்குக் கொடுக்கிறேன், அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாகத் திருப்பிச் செலுத்துகிறேன் என்றபோது, மீதியையும் கொடு என்று இயேசு சொல்லவில்லை. இன்றைக்கே இந்த வீட்டுக்கு ரட்சிப்பு வந்தது என்றார். இருந்தாலும் கிளெமெந்தின் பதிலை அப்படியே எடுத்துக்கொள்ள எனக்குத் தயக்கம். எனக்குப் பற்றில்லை என்று யாரும் சொல்லிக்கொள்ளலாம். பொருள் கையைவிட்டுப் போகும் நாள்வரை அது மெய்யா என்று அவனுக்கே தெரியாது.

எகிப்தின் துறவி அந்தோனியார், விற்றுத் தரித்திரருக்குக் கொடு என்ற இதே வசனம் மத்தேயுவிலிருந்து ஆலயத்தில் வாசிக்கப்பட்டபோது, அது தமக்கே சொல்லப்பட்டதாக எடுத்துக்கொண்டு, பெற்றோர் விட்டுச்சென்ற நிலத்தைக் கொடுத்துவிட்டார். அதுவும் உன்னுடையதைப் போன்ற சுதந்தரச் சொத்துதான். செசரியாவின் ஆயர் பசில் வசதியான குடும்பத்தில் பிறந்தவர். நான்காம் நூற்றாண்டில் பஞ்சம் வந்தபோது தானியத்தைப் பூட்டிவைத்தவர்களைப் பார்த்து, நீ பிடித்துவைத்திருக்கும் அப்பம் பசித்தவனுடையது, உன் பெட்டியில் கிடக்கும் உடை நிர்வாணியினுடையது என்றார். இயேசுவின் உவமையில் களஞ்சியங்களை இடித்துப் பெரிதாகக் கட்ட நினைத்த மதிகேடனைப் பற்றி அவர் செய்த பிரசங்கத்தில் வரும் சொற்கள் இவை. அந்த மதிகேடன் தன் ஆத்துமாவைத் தவிர வேறு யாரிடமும் ஆலோசனை கேட்கவில்லை. நீ எனக்கு எழுதிக் கேட்கிறாயே, அதுவே எனக்கு ஆறுதல்.

மெதடிஸ்த இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி முதுமையில், 1786இல், எழுதியதும் அடிக்கடி நினைவுக்கு வருகிறது. உண்மையான பக்தி உழைப்பையும் சிக்கனத்தையும் உண்டாக்கும். அவை செல்வத்தைக் கொண்டுவரும். செல்வம் பெருகப் பெருக அகந்தையும் உலக ஆசையும் பெருகி, பக்தி வற்றிப்போகும் என்று தம்முடைய மெதடிஸ்தர்களைப் பற்றியே கவலைப்பட்டார். பக்தியே தன் எதிரியைப் பெற்றெடுக்கிறதே என்ற வேதனை அது. சம்பாதிப்பவர்களும் சேமிப்பவர்களும் தங்களால் முடிந்ததையெல்லாம் கொடுக்கவும் வேண்டும் என்பதைத் தவிர வேறு வழி அவருக்குத் தெரியவில்லை.

ஆகையால், நண்பா, உன் கேள்விக்கு என் பதில் இது. இப்போதைக்கு இது கண்ணிதான். கொடுக்கத் தொடங்கினால் ஆசீர்வாதமாக மாறும். முழுவதையும் விற்றுவிடு என்று சொல்ல எனக்கு அதிகாரம் கிடையாது. நிலத்தை விற்று, பணத்தில் ஒரு பகுதியை மறைத்துவைத்த அனனியாவிடம் பேதுருவே, அதை விற்குமுன்னே அது உன்னுடையதாயிருக்கவில்லையோ என்று கேட்கிறார். அவன் பாவம் பொய் சொன்னது; கொடுக்கவேண்டும் என்று அவனை யாரும் கட்டாயப்படுத்தவில்லை. “தரித்திரத்தையும் ஐசுவரியத்தையும் எனக்குக் கொடாதிருப்பீராக” என்று நீதிமொழிகளில் வரும் ஆகூரின் ஜெபத்தை நீயும், எனக்குத் தங்கையைப்போன்ற உன் மனைவியும் சேர்ந்து ஜெபியுங்கள். எவ்வளவு வைத்துக்கொள்வது என்பதை அந்த ஜெபத்தில் முடிவுசெய்யுங்கள். ஆனால் பத்திரங்கள் எல்லாம் மாறட்டும், கணக்கு முடியட்டும், பிறகு பார்க்கலாம் என்று தள்ளிப்போடவேண்டாம். பிறகு என்பது வருவதில்லை.

முதலில் ஒன்று செய். அண்ணனைக் கடைசிவரை தூக்கிப் படுக்கவைத்துப் பார்த்துக்கொண்ட அந்தப் பெண்ணுக்குச் சில மாதச் சம்பளம் பாக்கி என்று உன் கடிதத்தின் ஓரத்தில் எழுதியிருக்கிறாய். சொத்து விவகாரம் முடிந்ததும் கொடுக்கலாம் என்று வக்கீல் சொன்னதாகவும் குறிப்பிட்டிருக்கிறாய். பிடித்துவைக்கப்பட்ட கூலி கூக்குரலிடுகிறது என்று யாக்கோபு ஐந்தாம் அதிகாரத்தில் எழுதியிருப்பது இதைப் பற்றித்தான். அதை உன் சொந்தச் சேமிப்பிலிருந்து இந்த வாரமே கொடுத்துவிடு. தருமத்தைப் பற்றி அதற்குப் பிறகு பேசுவோம்.

தங்கையின் முட்டிவலி எப்படி இருக்கிறது என்று நீ எழுதவே இல்லை. என் மனைவி கேட்டுக்கொண்டே இருக்கிறாள். அடுத்த கடிதத்தில் அதையும், அந்தப் பெண்ணுக்குப் பணம் கொடுத்தாயா என்பதையும் எழுது.

கிறிஸ்துவின் அன்பில்,
உன் பழைய நண்பன்