இல்லாத வாக்கெடுப்பில் பிழைத்த பிரதமர்

ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழின் வெளிநாட்டுப் பக்கத்தில் ஒரு வரி: "66 எம்.பி.க்களோடு நம்பிக்கை வாக்கு கோரித் தப்பிப் பிழைத்தார் நெதர்லாந்துப் பிரதமர் ஜெட்டன்." அந்த நாட்டில் இல்லவே இல்லாத ஒரு சடங்கை உங்கள் நிருபர் சென்னையில் இருந்தபடியே நடத்தி முடித்திருக்கிறார். பாராட்டுகள். பெயரும் யெட்டன், அது கிடக்கட்டும்.

புதிதாகப் பதவியேற்கும் டச்சு அரசு அவையில் பெரும்பான்மையை நிரூபிக்க வேண்டியதில்லை. யாராவது நம்பிக்கையில்லாத் தீர்மானம் கொண்டுவந்து ஜெயிக்கும்வரை, அரசுக்கு நம்பிக்கை இருப்பதாகவே கணக்கு. இது 19-ஆம் நூற்றாண்டிலிருந்து வரும் விதி. சாசனத்தில் எழுதப்படவும் இல்லை. அதனால்தான் யெட்டனின் டி66 (26), விவிடி (22), சிடிஏ (18) என்ற மூன்று கட்சிகளும் 150 பேர் கொண்ட கீழவையில் வெறும் 66 பேரோடு 2026 பிப்ரவரி 23 அன்று பதவியேற்க முடிந்தது. பதவியேற்பில் அவர்களுக்குச் சிக்கல் இல்லை. ஒவ்வொரு மசோதாவும் ஓட்டுக்கு வரும்போதுதான் இருக்கிறது.

கணக்கைப் போட்டுப் பாருங்கள். 76-ஐத் தொட இன்னும் 10 பேர் வேண்டும். வலதுபக்கம் யா21 கட்சியின் 9 பேரைச் சேர்த்தால் 75, ஒன்று குறைகிறது. முழு அவையும் இருந்து 75-75 என்று நின்றால் மசோதா தோற்றது தோற்றதுதான். இடதுபக்கம் பசுமை இடது - தொழிற்கட்சி அணியின் 20 பேரைச் சேர்த்தால் 86, தாராளம். ஆனால் மேலவை என்று ஒன்று இருக்கிறதே! 75 இடம், 38 வேண்டும். 2023-இல் மாகாண அவைகள் தேர்ந்தெடுத்த கணக்கில் ஆளும் மூன்று கட்சிகளுக்கும் சேர்த்து 21. பசுமை - தொழிற்கட்சியின் 14-ஐக் கூட்டினாலும் 35. மூன்று பேருக்கு இன்னொரு கதவைத் தட்ட வேண்டும். போதாக்குறைக்கு, மேலவைக்கு மசோதாவைத் திருத்தும் உரிமை கிடையாது. ஏற்கலாம், இல்லையென்றால் தள்ளலாம். ஆகவே மேலவைக்காரர்களின் மனக்குறையையும் கீழவையில் இருக்கும்போதே தீர்த்துவிட வேண்டும். மறந்துவிட்டு அனுப்பினால், பிறகு இன்னொரு திருத்த மசோதாவைப் பின்னாலேயே ஓடவிட வேண்டியதுதான். பட்ஜெட்டும் சட்டம்தான், அதுவும் இரண்டு அவையையும் கடக்க வேண்டும். உங்கள் கட்டுரையில் மேலவை என்ற சொல்லே இல்லை.

"நாளையே கவிழலாம்" என்று வேறு முடித்திருக்கிறீர்கள். கவிழலாம்தான். ஆனால் 88 இடத்தோடு உட்கார்ந்த டிக் ஸ்கோஃப் அரசு 2024 ஜூலையிலிருந்து 11 மாதம்தான் தாங்கியது. அதற்கு முன்பு பெரும்பான்மையோடு இருந்த, முன்னாள் பிரதமர் ரூட்டேயின் நான்காவது அரசு, அகதிகளின் குடும்பத்தினரை அழைத்துக்கொள்ளும் உரிமை பற்றிய சண்டையில் 2023 ஜூலையில் உடைந்தது. இரண்டையும் உடைத்தவர்கள் எதிர்க்கட்சியினர் அல்ல, உள்ளே இருந்தவர்கள். 2010-இல் ரூட்டே 52 பேரோடு ஆட்சி அமைத்து, தீவிர வலதுசாரித் தலைவர் வில்டர்ஸின் 24 பேர் வெளியிலிருந்து தாங்க, மிகச்சரியாக 76 வைத்திருந்தார். 2012 ஏப்ரலில் சிக்கனப் பேச்சிலிருந்து வில்டர்ஸ் எழுந்து போனார். சில நாட்களுக்குள் அரசின் இரண்டு கட்சிகளும் எதிர்வரிசையின் மூன்று கட்சிகளும் கூடி பட்ஜெட் ஒப்பந்தம் போட்டுவிட்டன. அரசு போன பிறகும் அவை வேலை பார்க்கும் என்பது உங்கள் மேசைக்குத் தெரியாமல் இருக்காது.

இதோடு நிறுத்தியிருப்பேன். பழைய பாக்கிகள் இருக்கின்றன.

2023-இல் வில்டர்ஸுக்குப் பிரதமர் பதவி "சதியால் மறுக்கப்பட்டது" என்று எழுதினீர்கள். 150-இல் 37 பிடித்தவருக்கு மற்ற மூன்று கட்சிகள் ஒப்பவில்லை. இதற்குப் பெயர் சதியா? 2025 அக்டோபரில் "வலதுசாரி அலை ஓய்ந்தது" என்று தலைப்பு. டி66-க்கும் 26, வில்டர்ஸுக்கும் 26. வித்தியாசம் 30 ஆயிரம் ஓட்டுகூட இல்லை. வில்டர்ஸ் இழந்தார், உண்மை. ஆனால் அதே தேர்தலில் வலதுசாரிக் கட்சிகளான யா21 ஒன்றிலிருந்து 9-க்கும், ஜனநாயக மன்றம் 3-இலிருந்து 7-க்கும் போயின. அலை ஓயவில்லை, பக்கத்துக் கரைக்கு மாறியது. யெட்டன் படத்துக்குக் கீழே "மன்னர் தேர்ந்தெடுத்த பிரதமர்" என்றும் போட்டிருந்தீர்கள். ஆட்சி அமைக்கும் பேச்சுவார்த்தைக்கு ஆளை நியமிக்கும் வேலையை 2012-லேயே கீழவை அன்றைய அரசியிடமிருந்து எடுத்துக்கொண்டது. மன்னர் கையெழுத்திடுகிறார், உறுதிமொழி வாங்குகிறார், அவ்வளவுதான்.

எல்லாவற்றையும்விட உறுத்துவது "குடியேறிகள்" என்ற ஒரே சாக்கில் எல்லாரையும் அள்ளிப் போடுவது. 2023-இல் நெதர்லாந்துக்கு வந்து பதிந்தவர்கள் ஏறத்தாழ 3.36 லட்சம் பேர். முதன்முறையாகத் தஞ்சம் கேட்டவர்கள் சுமார் 38 ஆயிரம், ஒன்பதில் ஒருவர். மற்றவர்கள் போலந்துத் தொழிலாளர்கள், மாணவர்கள், உக்ரைனியர்கள், கணினி வேலைக்கு வந்த நம்மவர்கள். தஞ்சம் கேட்பவர்கள் முதலில் வந்து சேரும் டெர் ஆபெல் முகாம் ஏன் வழிகிறது? வருகிறவர் கூட்டம் மட்டும் காரணம் அல்ல. அனுமதி கிடைத்தவர்களுக்கு வாடகை வீடு கிடைக்காததால் அவர்கள் முகாம் கட்டிலிலேயே கிடக்கிறார்கள். விண்ணப்பங்களை முடிவு செய்யவும் காலம் பிடிக்கிறது. எண்ணிக்கை குறையும்போது முகாம்களை மூடிவிட்டு, கூடும்போது அதிக விலைக்கு ஓட்டலையும் கப்பலையும் வாடகைக்கு எடுப்பார்கள். டெர் ஆபெலில் 2000 பேருக்கு மேல் தங்க வைத்தால் நாளொன்றுக்கு 15 ஆயிரம் யூரோ என்று 2024 ஜனவரியில் நீதிமன்றமே அபராதம் விதித்தது. எல்லா நகராட்சிகளும் சுமையைப் பகிர வேண்டும் என்ற சட்டத்தை அதே மாதம் மேலவை நிறைவேற்றியது. கீழவையில் எதிர்த்த விவிடியின் மேலவை உறுப்பினர்களே ஆதரித்து ஓட்டுப் போட்டார்கள். மேலவையை ஏன் விடக்கூடாது என்று இப்போது புரியும்.

இன்னொன்று. "படுக்கை, குளியல், ரொட்டி" என்ற டச்சுத் தொடரை 2015-இல் "அரபு அகதிகளுக்கான சலுகை" என்று விளக்கியது உங்கள் பத்திரிகைதான். அந்தப் பெயரில் அங்கே முதலில் திட்டம் போட்டது 1980-களின் நடுவில், இலங்கையிலிருந்து வந்த தமிழர்களுக்காக. வழக்கமான உதவித்தொகைக்குப் பதிலாக இடம், குளியல், சாப்பாடு. ஒரு தமிழ்ப் பத்திரிகைக்கு இதை வாசகர் எழுதித்தான் தெரிய வேண்டுமா?

பெரிதாக எதுவும் கேட்கவில்லை. அடுத்த இதழில் ஒரு மூலையில் இரண்டு வரி போதும்: நம்பிக்கை வாக்கெடுப்பு நடக்கவில்லை, பிரதமர் பெயர் யெட்டன்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகர், உத்ரெக்ட்