முருகேசுவுக்கு: உன் பையன் வண்டி விளக்கு விவகாரம்

ஓசூர்
ஞாயிறு இரவு

அன்புள்ள முருகேசு,

இங்கே எல்லோரும் நலம். நீ அனுப்பிய மாம்பழப் பெட்டி வந்தது. மேல் வரிசை அருமை, அடி வரிசையைப் பற்றிப் பேச வேண்டாம். தங்கச்சிக்கு மூட்டு வலி எப்படி இருக்கிறது என்று வீட்டில் கேட்கச் சொன்னாள். இத்தனை நாள் எழுதாததற்குத் திட்ட வேண்டுமென்றால் மொத்தமாகக் கடைசியில் திட்டிக்கொள்.

இதைப் போனில் சொல்லாமல் எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. போனில் நான் நாலு வார்த்தை சொல்வதற்குள் நீ கத்த ஆரம்பித்துவிடுவாய். அப்புறம் மீதிக் கதை உன் காதில் ஏறாது. தயவுசெய்து முழுசும் படித்துவிட்டுக் கூப்பிடு.

விஷயம், உன் பையன் புல்லட்டில் மாட்டியிருக்கும் இரண்டு ஃபாக் லைட். பேட்டரியை மாற்றச் சொல்லி நீ பணம் அனுப்பினாயே, அதே விவகாரம்தான். புது பேட்டரி போட்டாயிற்று. விளக்கு பழையபடியே மினுக்கிக்கொண்டிருந்தது. உனக்கு இது ஒன்றும் புதிதில்லை. ஐ.டி.ஐ.யில் லேத் ஓடாத அன்று டியூப்லைட் சோக்கை மாற்றலாம் என்று சொன்ன ஆள்தானே நீ. வாத்தியார் அன்று உன்னைப் பார்த்த பார்வை இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

போன வாரம் தம்பி வண்டியோடு வந்து நின்றான். முகம் சரியில்லை. என்னடா என்றால், "மாமா, லெஃப்ட் இண்டிகேட்டர் போட்டா ஃபாக் லைட்டும் சேர்ந்து கண்ணடிக்குது" என்றான். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் அந்த ஒரு வரியிலேயே பாதி வியாதி தெரிந்துபோனது. மாட்டிக் கொடுத்த கடைக்காரர் லைட்தான் ஃபால்ட் என்று சொல்லி, இன்னொரு ஜோடியைத் தலையில் கட்டியிருக்கிறார். அதற்கும் காசு. நீ பேட்டரி என்றாய். வழியில் ஒரு மெக்கானிக் ஸ்விட்ச் என்றிருக்கிறார். கரண்ட் போகும் வழியைத்தான் எல்லோரும் பார்த்தார்கள். அது திரும்பி வரும் வழியை ஒருவரும் பார்க்கவில்லை.

முதலில் உன் கட்சியையே விசாரித்தேன். இன்ஜினை ஓடவிட்டு, இருக்கிற விளக்கையெல்லாம் போட்டு, பிரேக்கையும் அழுத்திக்கொண்டு பேட்டரி முனையில் மீட்டரை வைத்தால் 13.8 வோல்ட் நின்றது. சார்ஜிங்கில் குறையே இல்லை. நம் காலத்து ஆர்எக்ஸ் 100 மாதிரி ஆக்சிலேட்டரைத் திருகினால் பகல், விட்டால் இரவு என்கிற கதை இந்த வண்டியில் கிடையாது. 2017 ஏப்ரலுக்குப் பிறகு வந்த வண்டிகளில் ஹெட்லைட்டை அணைக்கவே முடியாது. இன்ஜின் ஓடினால் அதுவும் எரிந்துகொண்டேதான் இருக்கும். அதையும் தாங்கி, இந்த இரண்டு இருபது வாட் விளக்கையும் தாங்குகிற அளவுக்கு அதில் கரண்ட் வருகிறது. ஆக, நீ வாங்கிக் கொடுத்த பேட்டரி தண்டம். பழையதை என்ன செய்தாய் என்று கேட்டேன், கடையிலேயே கொடுத்துவிட்டானாம்.

இப்போது கவனி, இதுதான் எனக்கு ராத்திரி தூக்கத்தைக் கெடுத்த இடம். இன்ஜினை அணைத்துவிட்டு, ஃபாக் லைட்டின் கறுப்பு வயருக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் நடுவே கன்டினியூட்டி, அதாவது வயர் அறுபடாமல் தொடர்கிறதா என்று, பார்த்தேன். மீட்டர் அழகாகப் பீப் அடித்தது. யாராக இருந்தாலும் அங்கேயே எர்த், அதாவது கரண்ட் திரும்பும் வழி, சரி என்று எழுதி மூடியிருப்பார்கள். அந்தப் பீப்பை நம்பக் கூடாது முருகேசு. முப்பது ஓம் இருந்தாலும் பல மீட்டர்கள் பீப் அடிக்கும். பத்து இழையில் ஒன்பது அறுந்து ஒரே ஒரு இழை ஒட்டிக்கொண்டிருந்தாலும் அடிக்கும். மீட்டர் அனுப்பிப் பார்ப்பது கொசுறு கரண்ட். விளக்கு கேட்பது மூன்று ஆம்பியர்.

அதனால் விளக்கைப் போட்டு, கரண்ட் ஓடிக்கொண்டிருக்கும்போதே அளந்தேன். பேட்டரியில் 12.4. பேட்டரி பாசிட்டிவிலிருந்து விளக்கின் சிவப்பு வயர் வரை விழுந்தது 0.4 வோல்ட், கொஞ்சம் அதிகம்தான், ஸ்விட்ச் மட்டம், போகட்டும். அடுத்து மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரி நெகட்டிவில் வைத்து, இன்னொன்றை விளக்கின் கறுப்பு வயரில் குத்தினேன். சுழியத்தை ஒட்டி இருக்க வேண்டிய இடம். 2.8 காட்டியது! விளக்குக்குக் கிடைத்தது மிச்சமிருக்கும் 9.2 மட்டும். அதை வைத்துக்கொண்டு அது மினுக்காமல் என்ன செய்யும்? மூன்று ஆம்பியருக்கு 2.8 வோல்ட் என்றால் ஒரு ஓம்கூட இல்லை. பீப் சத்தத்துக்கு அது தெரியவே தெரியாது. ஆனால் எட்டு வாட்டுக்கு மேல் அந்த ஒரு ஜாயிண்டில் சூடாக இறங்கிக்கொண்டிருந்தது.

ஜாயிண்டைத் தேடி ஹெட்லைட்டைக் கழற்றினோம். பார்த்தால், இரண்டு ஃபாக் லைட்டின் கறுப்பு வயரையும் இடது இண்டிகேட்டரின் எர்த் வயரோடு சேர்த்து முறுக்கி, மேலே இன்சுலேஷன் டேப் சுற்றி வைத்திருக்கிறார் அந்தப் புண்ணியவான். டேப்பின் பசை சூட்டில் இளகி, விரலில் கறுப்பாக ஒட்டியது. உரித்தால் உள்ளே செம்பு பச்சை பூத்திருந்தது. தொட்டதும் இரண்டு இழை கையோடு வந்தது. இண்டிகேட்டர் கண்ணடித்த மர்மம் அவ்வளவுதான். இரண்டும் திரும்பிப் போவது ஒரே ஓட்டை வழியில். இண்டிகேட்டர் எரியும் ஒவ்வொரு முறையும் அதன் கரண்டும் அந்த வழியில் நெரிக்க, ஃபாக் லைட்டுக்கு இன்னும் கொஞ்சம் குறையும். தம்பியிடம் விளக்கினேன். ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு, "அப்போ லைட் மேல தப்பே இல்லையா?" என்று கேட்டான். உன் பையன் உன்னைவிடத் தேவலாம்.

இத்தோடு முடிந்திருந்தால் இந்தக் கடிதமே எழுதியிருக்க மாட்டேன்.

டேங்கைக் கழற்றியபோது வேறு ஒன்றும் கண்ணில் பட்டது. ஃபாக் லைட்டுக்குப் போகும் சிவப்பு வயரைச் சாவி போட்டால் கரண்ட் வரும் லைனிலிருந்து அப்படியே பிரித்து எடுத்திருக்கிறார்கள். தனி ஃப்யூஸ் இல்லை, சின்னக் கரண்டால் பெரிய கரண்டைத் திறந்து மூடும் ரிலேயும் இல்லை. அந்த வயர் வண்டியின் கழுத்துப் பக்கம், ஹேண்டில் திரும்புகிற இடத்தில், இழுத்துப் பிடித்த மாதிரி போகிறது. ஹேண்டிலை இடது பக்கம் முழுசாகத் திருப்பினால் அது ஃபிரேமில் உரசும். உரசி உரசித் தோல் போய்விட்டது. அந்த இடம் ஃபிரேமில் பட்டால் நேர் ஷார்ட். வண்டியின் ஃப்யூஸ் போகும். ஃபாக் லைட் மட்டும் அணைந்தால் பரவாயில்லை. அதே ஃப்யூஸில் ஹெட்லைட், டெயில் லைட், இன்ஜின் எல்லாம் இருப்பதால் மொத்த வண்டியும் செத்துவிடும்.

ஒருமுறை அப்படித்தான் போயிருக்கிறது. ரோட்டோரப் பஞ்சர் கடையில் உதவிக்கு ஆள் வந்திருக்கிறார். புது ஃப்யூஸ் இல்லை. என்ன செய்தார் தெரியுமா? எரிந்த ஃப்யூஸின் இரண்டு காலுக்கும் நடுவே ஒரு செம்புக் கம்பியைச் சுற்றிச் சொருகிவிட்டார். நல்ல மனசு, கொடுமையான வைத்தியம். அதற்கப்புறம் ஷார்ட் ஆனபோது அறுந்துபோக ஃப்யூஸ் இல்லை. வயர்தான் சூடேறியிருக்கிறது. டேங்குக்கு அடியில் சிவப்பு வயரின் தோல் பாகாக உருகி, வண்டியின் மொத்த வயர் கட்டான மெயின் ஹார்னஸ் மேல் ஒட்டிக் காய்ந்துபோயிருந்தது. அதற்கு ஒரு விரல் மேலே பெட்ரோல். நானும் தம்பியும் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.

சரி, நீ கேட்கப்போகும் கேள்விக்கு வருகிறேன். வண்டி எங்கே நின்றது?

தொப்பூரில். ராத்திரி. தர்மபுரியிலிருந்து இறங்குகிற பக்கம்.

உட்கார்ந்து படி. பையனுக்கு ஒன்றும் ஆகவில்லை. வண்டி செத்ததும் கிளட்சைப் பிடித்து, தெரிந்த வெள்ளைக் கோட்டை வைத்து ஓரம் கட்டிவிட்டான். பின்னால் லாரி வந்துகொண்டிருந்தது என்று மட்டும் சொன்னான், அதற்கு மேல் நான் கேட்கவில்லை. அந்த இறக்கம் உனக்குத் தெரியாததா? டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் இறங்கும் லாரிகளும், கியரில் இறங்கு என்று கத்தும் போர்டுகளும், மாதம் ஒருமுறை பேப்பரில் வரும் படமும். அங்கே டெயில் லைட்கூட எரியாத ஒரு பைக்.

சனிக்கிழமை விடியற்காலை கிளம்பி வருகிறேன் என்றுதானே உன்னிடம் சொல்கிறான்? வெள்ளிக்கிழமை செகண்ட் ஷிஃப்ட் முடிந்த கையோடு கிளம்புகிறான். நடுராத்திரி தாண்டி சேலம் வந்து, புது பஸ் ஸ்டாண்ட் டீக்கடையில் உட்கார்ந்திருந்துவிட்டு, விடிந்ததும் வீட்டுக்கு வந்து நல்ல பிள்ளையாகக் கதவைத் தட்டுகிறான். இதை உன்னிடம் சொல்லமாட்டேன் என்று நான் அவனிடம் சொல்லவில்லை, அவனும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்குச் சங்கடமாக இருந்திருக்கும்.

உன் முதல் யோசனை "அந்த லைட்டையெல்லாம் பிடுங்கி எறி" என்பதாக இருக்கும். அதைச் செய்யாதே. நீ பிடுங்கினால் அவன் வேறொரு கடையில் மாட்டுவான். அங்கேயும் எவனாவது டேப் சுற்றித் தருவான். அந்த ரோட்டில் வெளிச்சம் தேவைதான், அதில் அவன் கேட்டது நியாயம். அதனால் முழுசையும் பிரித்துப் புதிதாகப் போட்டுவிட்டேன். பேட்டரி பாசிட்டிவிலிருந்து அரை சாண் தூரத்துக்குள் தனி 10 ஆம்பியர் ஃப்யூஸ். அங்கிருந்து ரிலேயில் கரண்ட் நுழையும் 30-ஆம் காலுக்கு. அது வெளியே வரும் 87-ஆம் காலிலிருந்து விளக்குக்கு. ஹேண்டில் ஸ்விட்ச் இப்போது ரிலேக்குள் இருக்கும் காயிலுக்கு மட்டும்தான் கரண்ட் கொடுக்கிறது, கால் ஆம்பியருக்கும் குறைவு, பொடி வயரே போதும். இனி ஃபாக் லைட்டில் என்ன ஷார்ட் ஆனாலும் அந்த 10 ஆம்பியர்தான் போகும்; ஹெட்லைட் எரியும், இன்ஜின் ஓடும். கறுப்பு வயர் இரண்டையும் சேர்த்து 1.5 ஸ்கொயர் எம்.எம். வயரில் நேராகப் பேட்டரி நெகட்டிவுக்கே கொண்டுபோய்விட்டேன். முன்னால் இருக்கும் கிராஷ் கார்டுக் கம்பியில் போல்ட் போட்டு எர்த் எடுப்பதெல்லாம் வேண்டாம், அதில் பவுடர் கோட்டிங் இருக்கிறது, எர்த் பிடிக்காது. வீட்டு வயரிங்குக்கு வாங்கிய வயர் உன்னிடம் நிறைய இருக்கிறது என்று எனக்குத் தெரியும், அதையும் கொடுத்துவிடாதே. அதன் இழை தடிமன், வண்டி அதிர்வில் ஒடியும். ஜாயிண்ட் எல்லாம் கிரிம்ப் போட்டு, அதாவது உலோக முனைக்குள் வயரை நசுக்கிப் பிடித்து, சூட்டில் சுருங்கி இறுகும் ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் ஏற்றியிருக்கிறேன். கழுத்தில் ஒரு வளைவு தாராளமாக விட்டு, மேலே சல்லடை ஸ்லீவ்.

பஞ்சர் கடை ஃப்யூஸைத் தூக்கி எறிந்துவிட்டு கம்பெனி ஃப்யூஸே போட்டிருக்கிறது. ஸ்பேர் இரண்டு சீட்டுக்கு அடியில். முடித்துவிட்டு, இன்ஜினை ஓடவிட்டு, எல்லா விளக்கையும் போட்டு ஹேண்டிலை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் திருப்பிப் பார்த்தோம். வெளிச்சம் அசையவில்லை. எர்த் பக்கம் இப்போது 0.1 வோல்ட். அந்த 0.1-ஐ தம்பியே மீட்டர் பிடித்துப் பார்த்தான். லைட்டைத் தரையைப் பார்த்து இறக்கியும் வைத்திருக்கிறோம். முன்பு அது எதிரில் வருகிறவன் கண்ணில்தான் அடித்துக்கொண்டிருந்தது.

விளக்கு வேலை முடிந்தது. ராத்திரிப் பயணம்தான் பாக்கி, அது உன் பங்கு. செகண்ட் ஷிஃப்ட் வாரத்தில் இங்கே வந்து படுத்துவிட்டு விடிந்து கிளம்புடா என்று சொல்லியிருக்கிறேன். "சரி மாமா" என்றான். அந்தச் சரியை நான் நம்பவில்லை. நீ அந்த வயசில் சொன்ன சரியெல்லாம் எனக்கு ஞாபகம் இருக்கிறது. கத்தினால் அடுத்த முறை வண்டி நின்றால் உனக்கும் சொல்லமாட்டான், எனக்கும் சொல்லமாட்டான். தங்கச்சியை விட்டுப் பேசச் சொல். எதற்காக ராத்திரியிலேயே ஓடி வருகிறான் என்பதையும் கொஞ்சம் விசாரி. ரூமில் சாப்பாடு சரியில்லை என்கிறான். அது மட்டும்தான் காரணம் என்று எனக்குத் தோன்றவில்லை.

இன்னொன்று. இந்த வேலைக்கு கிரிம்பிங் ப்ளையரைப் பக்கத்துத் தெரு எலக்ட்ரீஷியனிடம் இரவல் வாங்க வேண்டியதாகிவிட்டது. என்னுடையது உன் வீட்டு அலமாரியில்தான் இருக்கிறது. உன்னுடையது என்று சாதிக்காதே, கைப்பிடியில் என் பெயரின் முதல் எழுத்தைக் கீறி வைத்திருக்கிறேன். தம்பி அடுத்து வரும்போது கொடுத்து அனுப்பு. பகலில் வரும்போது.

உன்
ராஜு