நான் அடிக்கவில்லை, சாந்தி

அன்புள்ள சாந்திக்கு,

இங்கே எல்லாரும் நலம். பசியாறிவிட்டுத்தான் எழுத உட்கார்ந்தேன். உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. வேலை அதிகம் என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம், ஆனால் அது பொய். மகனுடைய கைப்பேசியை ராத்திரியில் வாங்கி வைக்கலாமா என்று நீ கேட்டதற்குப் பதில் எழுத வேண்டுமானால் என் வீட்டுக் கதையைச் சொல்லியாக வேண்டும். அதற்குத்தான் இத்தனை நாள்.

அதற்கு முன் எங்கள் செந்தூல் வீட்டுச் செய்தி. அம்மாவுக்கு முட்டிவலி கொஞ்சம் தேவலாம். இவர் ஆசை ஆசையாக வாங்கிய பழைய காடி அதற்குள் இரண்டு முறை பட்டறைக்குப் போய்வந்துவிட்டது. சரி, விடு.

மூத்தவள் இப்போது படிவம் 4. ஆறாம் ஆண்டில் எழுதும் யூ.பி.எஸ்.ஆர். பரீட்சை 2021-இல் ரத்தானது, படிவம் 3-இல் எழுதும் பி.டி.3 2022-இல் ரத்தானது. ஆக அவள் எழுதப்போகிற முதல் பெரிய அரசாங்கப் பரீட்சையே படிவம் 5-இன் எஸ்.பி.எம்.தான். பரீட்சை குறைந்தால் பிள்ளைகளுக்குப் பாரம் குறையும் என்றுதான் நானும் நினைத்தேன். நடந்தது வேறு. மூன்று பரீட்சைக்குப் பிரித்துப் பயப்பட வேண்டியதை எல்லாம் சேர்த்து ஒரே பரீட்சைமேல் பயந்தேன். ஆட் மேத்ஸ் என்கிற கூடுதல் கணக்குப் பாடத்தில் அவள் 41 வாங்கி வந்த அன்று நான் கத்தவில்லை, அடிக்கவில்லை. பேச்சை நிறுத்தினேன்.

ஒன்பது நாள். சமைத்தேன், துணி துவைத்தேன், டியூஷனுக்குக் கொண்டுபோய் விட்டேன். ஆனால் ஒரு வார்த்தை இல்லை. சாப்பிடக் கூப்பிட வேண்டுமென்றால் சின்னவனிடம், "உன் அக்காவை வந்து சாப்பிடச் சொல்" என்பேன். அவள் இரண்டடி தூரத்தில்தான் நிற்பாள்.

பிறகு பள்ளிக் கவுன்சலிங் ஆசிரியர் என்னைக் கூப்பிட்டார். பத்தே வரி உள்ள ஒரு தாளை, அவள் சம்மதத்தோடு, என் முன்னால் வைத்தார். மோரிஸ் ரோசன்பெர்க் என்ற அமெரிக்கர் 1965-இல் உண்டாக்கிய அளவுகோலாம். ஒருவர் தன்னைத்தானே எவ்வளவு மதிக்கிறார் என்று பார்க்க இன்றும் அதைத்தான் பரவலாகப் பயன்படுத்துகிறார்கள். தான் எதற்கும் லாயக்கில்லை என்று சில சமயம் தோன்றுவதாக அதில் ஒரு வரி. என் மகள் அதற்கு 'முற்றிலும் சரி' என்று குறித்திருந்தாள். பேனாவை அழுத்திய அழுத்தில் தாள் லேசாகக் கிழிந்திருந்தது.

"வீட்டில் அடிப்பீர்களா?" என்று ஆசிரியர் கேட்டார். ரோத்தான் பிரம்பைக் கையால் தொட்டதுகூட இல்லை என்று பெருமையாகச் சொன்னேன். உனக்குத்தான் தெரியுமே, தோட்டத்து லயத்தில் எங்கள் வீட்டுக் கதவுக்குப் பின்னால் அது எப்போதும் தொங்கும். அப்பா கை ஓங்கினால் உங்கள் வீட்டில் கேட்கும். என் பிள்ளைகளுக்கு அது கூடாது என்று அன்றைக்கே முடிவு செய்திருந்தேன்.

"கோபம் வந்தால் என்னதான் செய்வீர்கள்?" என்றார்.

"பேச மாட்டேன்."

பக்கத்தில் இருந்த மகள் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "அடிச்சிருந்தா அன்னிக்கே முடிஞ்சிருக்கும்மா."

ரோத்தானே தேவலாம் என்று இதற்கு அர்த்தம் பண்ணிவிடாதே. அடி வாங்கியவளுக்குத் தெரியும், அதுவும் அன்றைக்கே முடிவதில்லை.

அதன் பிறகுதான் தேடித் தேடிப் படித்தேன். 1960-களில் கலிபோர்னியாவில் டயானா பாம்ரிண்ட் என்பவர் பெற்றோரை மூன்று விதமாகப் பிரித்தார்: சொன்னதைச் செய் என்று அதட்டுபவர்கள், எதற்கும் தலையாட்டுபவர்கள், கண்டிப்பும் வைத்துக் காரணமும் சொல்பவர்கள். மூன்றாவது வகை வீட்டுப் பிள்ளைகள்தான் தன்னம்பிக்கையோடு இருந்தார்களாம். 1983-இல் வேறு இருவர், பிள்ளையைக் கண்டுகொள்ளாதவர்கள் என்று நான்காவதையும் சேர்த்தார்கள். படிக்கப் படிக்க நான் அந்த மூன்றாவது கட்டத்தில்தான் இருக்கிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். யார்தான் சொல்லிக்கொள்ள மாட்டார்கள்?

என்னைப் பிடித்தது பிரையன் பார்பர் என்பவர் 1996-இல் எழுதியது. பிள்ளையின் நடத்தைக்குக் கட்டுப்பாடு வைப்பது ஒன்று, அதன் மனத்தையே பிடித்து ஆட்டுவது வேறு என்கிறார். எத்தனை மணிக்கு வீடு திரும்ப வேண்டும், யாருடன் போகிறாய் என்பது முதல் வகை. அது தளர்ந்துபோனால் பிள்ளை வெளியே வம்பில் மாட்டும். "உனக்காகத்தானே இவ்வளவு கஷ்டப்படுகிறேன்" என்று குத்திக்காட்டுவதும், பாசத்தை நிறுத்திவைத்து மிரட்டுவதும் இரண்டாவது. அது உள்ளே மனச்சோர்வாக இறங்கும். 2022-இல் சுகாதார அமைச்சு எடுத்த ஆய்வில் நம் மலேசிய இடைநிலைப்பள்ளி மாணவர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கு மனச்சோர்வு அறிகுறி இருந்ததாக முன்பே படித்திருக்கிறேன். அது வேறு யார் வீட்டிலோ என்று பக்கத்தைப் புரட்டியவள்தான் நானும்.

"இதெல்லாம் வெள்ளைக்காரன் சங்கதி, நமக்குப் பொருந்துமா?" என்று இவர் கேட்டார். நியாயமான கேள்விதான். ரூத் சாவ் என்பவர் 1994-இல் சீனக் குடும்பங்களை வைத்து இதையே கேட்டிருக்கிறார். அவர்களுடைய 'குவான்' என்ற சொல்லில் அடக்கி ஆள்வதும் அக்கறையும் ஒன்றாகவே இருக்கிறதாம். நம் 'கண்டிப்பு' அப்படித்தானே? "எங்கப்பா ரொம்பக் கண்டிப்பு" என்று சொல்லும்போது குரலில் பாதி பெருமை இருக்கும். ஆனால் என் ஒன்பது நாளுக்கு அந்தச் சொல் பொருந்தவில்லை. அந்த ஒன்பது நாளும் நான் அவளுடைய கணக்கைப் பற்றி யோசிக்கவே இல்லை. என் கோபத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இப்போது உன் கேள்விக்கு வருகிறேன். மகனுடைய கைப்பேசியை ராத்திரி பத்து மணிக்கு வாங்கி வை. தயங்காதே. நம் வயிற்றில் பசி இருந்தது, அவனுக்காவது கேட்டது கிடைக்கட்டும் என்று உன் வீட்டுக்காரர் நினைப்பது புரிகிறது. ஆனால் பதினான்கு வயதுப் பையன் விடியற்காலை இரண்டு மணிவரை என்ன பார்க்கிறான் என்று ஒருவரும் கேட்காவிட்டால், அதை அவன் பாசம் என்று எடுத்துக்கொள்ள மாட்டான். ஏன் வாங்கி வைக்கிறாய் என்று சொல், அவன் வாதாடினால் கேள், அப்புறம் வாங்கிவிடு. மறுநாள் காலையில் வழக்கம்போலப் பசியாறக் கூப்பிடு. எனக்குத் தெரியாமல் போனது இந்தக் கடைசி வேலைதான்.

நான் அடியோடு திருந்திவிட்டேன் என்று நினைக்காதே. போன வெள்ளிக்கிழமை மகள் சொல்லாமல் தோழி வீட்டுக்குப் போய் இருட்டிய பிறகு வந்தாள். என் வாய் தானாக மூடிக்கொண்டது. அரை மணி நேரம் கழித்து அடுக்களை வாசலில் வந்து நின்று, "அம்மா, ஆரம்பிச்சாச்சா?" என்று கேட்டாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அப்புறம் உட்கார்ந்து நன்றாகவே சண்டை போட்டோம், சத்தமாக. இரண்டு வாரத்துக்கு டியூஷன் தவிர வெளியே போகக்கூடாது என்று முடிவானது. ஒரு வாரம் போதும் என்று பேரம் பேசினாள். கடைசியில் பத்து நாள் என்று பேசி முடித்தோம்.

விடுமுறைக்கு நானும் பிள்ளைகளும் வருகிறோம். பட்டர்வொர்த்வரை ரயில், அங்கிருந்து பினாங்குக்கு ஃபெரி. பாலம் வேண்டாமாம், மகள் கட்டளை. உன் வீட்டுப் பெரிய தலையணையை அவளுக்கு எடுத்து வை, போன தடவை கொடுத்தது கல் மாதிரி இருந்தது என்று இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

அன்புடன்,
தேவி