எம் யூ ஆர் என்றால் அரசு: படிவம் அனுப்பும் அலுவலகத்துக்கு ஒரு திறந்த மடல்

அனுப்புநர்: அரசு உதவி பெறும் உயர்நிலைப் பள்ளி ஒன்றின் தமிழாசிரியை (கூடுதல் பொறுப்பு: “டீச்சர், உங்களுக்குத்தான் கம்ப்யூட்டர் தெரியுமே!”)

பெறுநர்: எங்களுக்குப் படிவங்கள் அனுப்பும் அலுவலகத்தின் உயர் அலுவலர் அவர்கள்

பொருள்: படிவங்களை ஒருங்குறித் தமிழில் (யூனிகோட்: ஒவ்வொரு எழுத்துக்கும் எல்லாக் கணினியிலும் ஒரே எண் தரும் முறை), எந்தக் கணினியிலும் திறக்கும் கோப்பாக அனுப்பக் கோருதல் தொடர்பாக

பார்வை: சென்ற வியாழன் மாலை 4.10க்குத் தலைமையாசிரியர்கள் வாட்ஸ்அப் குழுவில் வந்த “மிக மிக அவசரம்”

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். இதே பொருள் குறித்து முறைப்படி இரண்டு முறை எழுதியாயிற்று. இரண்டும் தங்கள் அலுவலகத்தில் ஏதோ ஒரு கோப்பில் பத்திரமாக இருக்கும். மூன்றாவதை எல்லோரும் படிக்கும்படி எழுதுவதற்கு மன்னிக்கவும்.

பார்வையில் கண்ட செய்தி தங்களுக்கு நினைவிருக்கும். உதவித்தொகை பெறும் மாணவர் பட்டியலை இணைப்பிலுள்ள வேர்டு படிவத்தில் நிரப்பி அன்றே 5.30க்குள் சாஃப்ட் காப்பி அனுப்ப வேண்டும், பெறுவோர் எவரும் இல்லையெனில் இன்மை அறிக்கை, தாமதத்துக்குத் தலைமையாசிரியரே முழுப் பொறுப்பு. வழக்கமான வாசகம்தான். எங்கள் அலுவலகக் கணினி முன்னாள் மாணவர்கள் வாங்கித் தந்தது. அதில் இருப்பது விண்டோஸுக்குப் பதிலாக இலவசமாகக் கிடைக்கும் உபுண்டு லினக்ஸ் என்ற இயங்குதளம். விண்டோஸ் உரிமத்துக்கும் எம்எஸ் ஆஃபீஸ் உரிமத்துக்கும் கட்டப் பணமில்லை, கேட்கவும் எங்களுக்கு மனமில்லை. எம்எஸ் ஆஃபீஸுக்கு இலவச மாற்றான லிப்ரே ஆஃபீஸில் வேலை குறையில்லாமல் நடக்கிறது, தங்களிடமிருந்து படிவம் வரும் நாட்களைத் தவிர.

அன்று படிவத்தைத் திறந்தேன். முதல் வரியில் முதல் சொல்: எம், யூ, ஆர். மூன்று ஆங்கில எழுத்துகள். அதற்கப்புறம் அரைப்புள்ளியும் காற்புள்ளியும் கலந்து ஒரு பக்கம் முழுக்க ஆங்கில எழுத்துக் குவியல்.

பாமினி எழுத்துருவில் பழகியவர்களுக்கு இது புரியும். அதில் ‘எம்’ என்ற ஆங்கில எழுத்தின் மேல் ‘அ’வின் படத்தை ஒட்டியிருக்கிறார்கள், ‘யூ’வின் மேல் ‘ர’, பெரிய ‘ஆர்’ மேல் ‘சு’. புள்ளி வைத்த மெய் எல்லாவற்றுக்கும் பின்னால் ஓர் அரைப்புள்ளி, ‘இ’க்குக் காற்புள்ளி. கோப்புக்குள் தமிழ் என்று எதுவுமே இல்லை, ஆங்கில எழுத்துக்குத் தமிழ் முகமூடி. முகமூடி இருக்கும் கணினியில் அது ‘அரசு’, இல்லாத கணினியில் எம் யூ ஆர். தமிழாசிரியை ஒருத்தி தமிழ்ப் படிவத்தைப் படிக்க முடியாமல் திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்த காட்சியை யாராவது படம் எடுத்திருக்கலாம்.

சரி, எழுத்துருவை இறக்கி நிறுவிக்கொள்ள வேண்டியதுதானே என்பீர்கள். நிறுவினேன். தலைப்பு தமிழானது. அட்டவணை ஆகவில்லை. அது வேறொருவர் வேறொரு எழுத்துருவில் அடித்து வைத்திருந்ததிலிருந்து வெட்டி ஒட்டியது. அதையும் தேடிப் பிடித்தேன். இனி நிரப்ப வேண்டும். எனக்குத் தெரிந்தது தமிழ்99 விசைப்பலகை. பழைய தட்டச்சு விசைப்பலகை தெரியாது. ஒருங்குறியிலேயே பெயர்களை அடித்து அனுப்பினால் என்ன ஆகும் என்பது போன தடவையே தெரிந்துவிட்டது. “ஃபான்ட் மாறி வருது டீச்சர், எல்லா ஸ்கூலையும் ஒண்ணா சேக்கணும், ஒரே ஃபான்ட்ல அனுப்புங்க” என்று தங்கள் பிரிவிலிருந்து தொலைபேசி வந்தது. ஆகவே இணையத்தில் கிடைக்கும் மாற்றி ஒன்றில் பெயர்களைப் போட்டு, பழைய குறியேற்றத்துக்கு (எழுத்தைக் கணினியில் சேமிக்கும் முறைக்கு) மாற்றி, படிவத்தில் ஒட்டினேன். 37 பெயர்கள். சரிபார்க்கும்போது ஒரு பிள்ளையின் பெயரில் ‘ஷ’ இருக்க வேண்டிய இடத்தில் ஏதோ ஒரு கோணல் குறி உட்கார்ந்திருந்தது. ஓர் எழுத்துருவில் ‘ஷ’ இருக்கும் இடத்தில் இன்னொன்றில் வேறு ஏதோ இருக்கிறது. கண்ணில் படாமல் போயிருந்தால் அந்தப் பிள்ளையும் அவள் அம்மாவும் பெயர் திருத்தத்துக்கு எத்தனை நாள் கூலியை விட்டு எத்தனை முறை அலைந்திருப்பார்கள் என்பதைத் தங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அலைபவர்கள் வந்து நிற்பது தங்கள் அலுவலக வராந்தாவில்தான்.

மணி 4.55. தலைமையாசிரியர் பென்டிரைவை என் கையில் கொடுத்து, “பஸ்ஸைப் பிடிச்சு டவுனுக்குப் போயிட்டு வந்துடுங்கம்மா” என்றார். டிடிபி சென்டரில் இருந்த தம்பி கோப்பைச் சொடுக்கினான், உடனே திறந்தது. “இது ஒண்ணுமில்லக்கா, ஃபான்ட் பிரச்சினைதான்.” எத்தனை எத்தனை எழுத்துருக்கள் உண்டோ அத்தனையும் அவனிடம் இருக்கின்றன. பக்கத்துக்கு 40 ரூபாய், மூன்று பக்கம். அவன் அடித்து முடிக்கும் வரை பக்கத்தில் நின்று பெயர் சொல்லிக்கொண்டிருந்தேன். திரையின் வலது கீழ் மூலையில் ஒரு வாசகம் தெரிந்தது. இந்த விண்டோஸ் பிரதி அசலானது அல்ல என்று மைக்ரோசாஃப்டே அங்கே எழுதி வைத்திருந்தது.

ஐயா, ஒரு நிமிடம் இதை யோசித்துப் பாருங்கள். சட்டப்படி இலவசமாகக் கிடைக்கும் மென்பொருளை நேர்மையாக வைத்திருக்கும் பள்ளியில் தங்கள் படிவம் திறக்கவில்லை. திருட்டு மென்பொருள் வைத்திருக்கும் கடையில் ஒரே சொடுக்கில் திறக்கிறது. அந்த 120 ரூபாயை எந்தக் கணக்குத் தலைப்பில் எழுதுவது என்று தலைமையாசிரியரைக் கேட்டேன். அவர் சட்டைப்பையைக் காட்டினார்.

இது புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டிய தீர்வு ஒன்றும் இல்லை என்பதுதான் வயிற்றெரிச்சல். 2010இல், கோவையில் செம்மொழி மாநாடு நடந்த அதே ஜூன் மாதம், தமிழக அரசு ஒருங்குறியையும் டேஸ்16 என்ற இன்னொரு முறையையும் தமிழ்க் குறியேற்றத் தரமாக ஏற்று அரசாணையே போட்டுவிட்டது. அதே ஆண்டு மத்திய அரசு மின்னாளுமைக்கான திறந்த தரநிலைக் கொள்கையை, அதாவது எந்த ஒரு நிறுவனத்தையும் சாராத வடிவங்களைப் பயன்படுத்தும் கொள்கையை, வெளியிட்டது. திறந்த ஆவண வடிவம், அதாவது லிப்ரே ஆஃபீஸ் சேமிக்கும் ஓடிஎஃப், 2006லேயே பன்னாட்டுத் தரமாகிவிட்டது. மைக்ரோசாஃப்ட்டின் ஆவண வடிவம் 2008இல் தரமானபோது எதிர்த்து வாக்களித்த நாடுகளில் இந்தியாவும் ஒன்று. மாணவர்களுக்குத் தமிழக அரசு தந்த மடிக்கணினிகளிலேயே விண்டோஸோடு பாஸ் என்ற இந்திய லினக்ஸும் வந்ததே. பக்கத்துக் கேரளத்தில் பள்ளிக் கணினிகள் பல ஆண்டுகளாகக் கட்டற்ற மென்பொருளில்தான் ஓடுகின்றன. ஆணை இருக்கிறது, கொள்கை இருக்கிறது, தரம் இருக்கிறது. தங்கள் பிரிவில் 2003இல் யாரோ அடித்து வைத்த படிவமும் இருக்கிறது, தேதியை மட்டும் மாற்றி இன்னும் வந்துகொண்டே இருக்கிறது.

உள்ளதைச் சொல்ல வேண்டும். ஒருமுறை, ஒரே ஒருமுறை, ஒருங்குறியில் படிவம் வந்தது. லதா எழுத்துருவில். அலுவலக அறையில் நானும் எழுத்தரும் டீ வாங்கிக் குடித்துக் கொண்டாடினோம். நிரப்பி அனுப்பினேன். மறுநாள் திரும்பி வந்தது: “தலைமையாசிரியர் கையொப்பம் இரண்டாம் பக்கம் போய்விட்டது. ஒரே பக்கத்தில் அனுப்பவும்.” லதா விண்டோஸோடு வருவது, எங்களிடம் இல்லை. அதற்குப் பதில் லினக்ஸ் லோஹித் தமிழ் என்ற எழுத்துருவைப் போட்டது. எழுத்தின் அகலமும் வரியின் உயரமும் மாறியதால் கடைசி நான்கு வரிகள் கீழே விழுந்தன. ஆங்கிலத்தில் இந்தத் தொல்லை பெரிதாக இல்லை, டைம்ஸ் நியூ ரோமனுக்கு அகலம் அச்சாகப் பொருந்தும் லிபரேஷன் செரிஃப் லினக்ஸில் இருக்கிறது. லதாவுக்கு அப்படியொரு மாற்று என் கணினியில் இல்லை. போதாக்குறைக்கு, பெயர் எழுதும் கோடுகளைக் கோடாகப் போடாமல் புள்ளி புள்ளியாக அடித்து வைத்திருந்தார்கள். பெயரை அடிக்க அடிக்கப் புள்ளிகள் அடுத்த வரிக்கு ஓடின. பத்தி பிரிக்கும் இடமெல்லாம் ஸ்பேஸ் பாரைத் தட்டித் தட்டி நகர்த்தியது. அட்டவணை போடத் தெரியாதவர் மேல் எனக்குக் கோபமில்லை, அவருக்கும் யாரும் சொல்லித் தந்திருக்க மாட்டார்கள்.

ஆனால் கேட்கிறேன், அந்தப் பட்டியலில் எந்த விவரம் தங்களிடம் ஏற்கெனவே இல்லை? பெயர், வகுப்பு, பிறந்த தேதி, வங்கிக் கணக்கு எல்லாவற்றையும் ஜூன் மாதமே இணையத்தில் ஏற்றினோம். ஆகஸ்டில் எக்செல்லில் கேட்டீர்கள். இப்போது வேர்டில். அடுத்து ஓலைச்சுவடியில் கேட்டாலும் தருவோம், எழுத்தாணிக்கு எழுத்துரு பிரச்சினை கிடையாது. நான் யாப்பிலக்கணம் நடத்த வேண்டிய மாலை வகுப்பில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் தாங்களே சத்தம் போட்டுப் படித்துக்கொண்டிருந்தார்கள், நான் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தேன்.

மன்னிக்கவும் ஐயா. பொருளுக்கு வருகிறேன்.

எங்களுக்கு விண்டோஸ் வாங்கித் தரச் சொல்லவில்லை. தங்களை லினக்ஸுக்கு மாறச் சொல்லவும் இல்லை. ஒருங்குறியில் அனுப்புங்கள், எந்தக் கணினியிலும் திறக்கும்படி அனுப்புங்கள், அவ்வளவுதான். வேர்டு வசதி என்றால் வேர்டிலேயே இருக்கட்டும், அதில் ஒருங்குறி இருந்தால் லிப்ரே ஆஃபீஸில் திறந்துவிடும். கூடவே எப்படித் தெரிய வேண்டும் என்பதற்கு ஒரு பிடிஎஃப் சேர்த்துவிட்டால் வரி எங்கே விழுகிறது என்று நாங்களே பார்த்துக்கொள்வோம். நோட்டோ சான்ஸ் தமிழ் போல யாரும் இலவசமாக இறக்கிக்கொள்ளும் எழுத்துருவைப் பயன்படுத்தினால் அந்தத் தொல்லையும் பெரும்பாலும் தீரும். நாங்கள் ஒருங்குறியில் திருப்பி அனுப்பினால், “ஃபான்ட் மாறி வருது” என்று திருப்பாமல் ஏற்றுக்கொள்ளும்படி பிரிவுக்கு ஒரு வரி எழுதிவிட்டால் போதும். மீண்டும் பணிவுடன் கேட்டுக்கொள்வது: ஒருங்குறி, ஒருங்குறி மட்டும்.

தங்கள் எழுத்தர்களுக்கு நேரமிருக்காது என்பது தெரியும். எனவே சென்ற வியாழன் வந்த படிவத்தை ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து முதலிலிருந்து ஒருங்குறியில் அடித்து, புள்ளிகளை எடுத்துவிட்டு முறையான அட்டவணை போட்டு, விண்டோஸ், உபுண்டு இரண்டிலும் திறந்து பார்த்து, இத்துடன் இணைத்திருக்கிறேன். கையொப்பம் முதல் பக்கத்திலேயே இருக்கிறது. அடுத்த ஆண்டு தேதியை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ஒரு தமிழாசிரியை

இணைப்பு: படிவம் (வேர்டு, ஓடிஎஃப், பிடிஎஃப்). தங்கள் கணினியில் திறக்காவிட்டால் தெரிவிக்கவும், பஸ் பிடித்து வந்து திறந்து தருகிறேன்.